சும்மா குடுங்க, சல்லிசா விக்காதீங்க

போன வாரம் என் தோழி ஒருத்தி வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பினா. குரோஷாவுல அவளே பின்னின தோள் பை. அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு. கீழ ஒரு கேள்வி: "ஆன்லைன்ல போடலாம்னு இருக்கேன்டி. நூலு 280, உள்துணி, பட்டன் எல்லாம் சேர்த்து 60. நானூத்தம்பது ரூபா வெச்சா ஜாஸ்தியா?"

"எத்தனை மணி நேரம் பின்னினே?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் யாரு கணக்கு வெச்சா? டிவி பாத்துக்கிட்டேதானே போட்டேன். ஒரு பத்து பதினோரு மணி நேரம் இருக்கும்."

அதாவது பதினோரு மணி நேர வேலைக்கு 110 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய். அதுலயும் "ஜாஸ்தியா?"ன்னு ஒரு சந்தேகம் வேற.

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கிட்டேன். ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ண கூத்து ஞாபகம் வந்துடுச்சு. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லிடறேன், நம்ம ஆளுங்கதானே :-)

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நான் தஞ்சாவூர் பெயிண்டிங் போடுவேன். திருச்சியில பொழப்புக்குப் பாக்கறது கணக்கு வேலை (இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி சிரிக்கத் தேவைப்படும்). ஞாயித்துக்கிழமையானா பஸ் ஏறி தஞ்சாவூர் போய் ஒரு மாஸ்டர்கிட்ட நாலு வருஷம் கத்துக்கிட்டேன். அவர் அப்பா, தாத்தா எல்லாரும் இதே வேலைதான். பெரிய கோயிலுக்கு வர்றவங்க வழியில எட்டிப் பாக்கற மாதிரி ஒரு சின்னக் கடை. உள்ள அவரும் கூட ரெண்டு பசங்களும் உக்காந்து வேலை பாப்பாங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இதுக்குப் பழைய பேர் பலகைப்படம். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துல (1798 - 1832) நல்லா செழிச்ச கலை. 2007-08ல புவிசார் குறியீடும் கெடைச்சுது. பலகை மேல துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசி, காயவெச்சு, தேய்ச்சு வழவழன்னு ஆக்கணும். அது மேல படத்தை வரையணும். கல்லு பதிக்கணும். அப்புறம் 'மக்கு' வேலை. அதே பவுடர், கோந்துக் கலவையால நகை, தூண், வளைவு எல்லாத்தையும் மேடு மேடா எழுப்பணும். ஒரு அடுக்கு காயாம அடுத்த அடுக்கு வெச்சா வெடிச்சுடும். அது மேல தங்க ரேக்கு ஒட்டணும். கடைசியில வண்ணம். எல்லாத்துக்கும் கடைசி கண்ணு. கண்ணு சொதப்புச்சுன்னா எல்லாம் சொதப்பல்.

நிற்க. கதைக்கு வர்றேன்.

2023ல ஒரு வெண்ணெய்த்தாழி கிருஷ்ணன் போட்டேன். 15க்கு 12 இன்ச் அளவு. வீட்டுல ஏற்கனவே அஞ்சு கிருஷ்ணன் தொங்கறாரு. "இனிமே கிருஷ்ணன் வந்தா நான் வெளியில போயிடுவேன்"னு ரங்கமணி சொல்லிட்டாரு. சரி, வித்துடலாம்னு இன்ஸ்டாவுல போட்டேன். என்ன விலை வைக்கறது? மனசுக்குள்ளயே ஒரு கணக்கு:

பலகை, துணி - 350
கல்லு - 400
தங்க ரேக்கு - 1,350
பெயிண்ட், சாக் பவுடர், கோந்து - 200
தேக்கு ஃப்ரேம், கண்ணாடி - 1,400

மொத்தம் 3,700. மேல ஒரு 800 போட்டு 4,500ன்னு வெச்சேன். "ஷிப்பிங் ஃப்ரீ"ன்னு ஒரு வரி வேற. பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் போடறாங்களே, நாமளும் போடுவோம்னு ஒரு பந்தா.

ரெண்டே மணி நேரத்துல வித்துப் போச்சு! தலைகால் புரியல எனக்கு. "பாத்தீங்களா என் ஒர்க்கோட மவுசை"ன்னு ரங்கமணிகிட்ட ஒரே அலட்டல். அடுத்தடுத்து ஆர்டர். அந்த ஒரு வருஷத்துல ஒன்பது படம் வித்தேன். லீவு நாள் எல்லாம் போச்சு, கழுத்து வலி வந்தது, கண்ணாடி பவர் ஏறிச்சு. ஆனாலும் சந்தோஷம். நம்ம கையால பண்ணதை முன்னப் பின்ன தெரியாத ஒருத்தர் காசு குடுத்து வாங்கி பூஜை ரூம்ல மாட்டறாங்களே, அந்த சந்தோஷம் இருக்கே... அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ரேக்கு வாங்க மாஸ்டர் கடைக்குப் போனேன். எப்பவும் போல டீ சொன்னாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"ஏம்மா, நீ இப்ப என்ன ரேக்கு போடற?"

"உங்ககிட்ட வாங்கறதுதான் மாஸ்டர். ஏன்?"

"இல்லம்மா. போன வாரம் மெட்ராஸ்லேர்ந்து ஒரு குடும்பம் வந்துது. இதே கிருஷ்ணன், இதே அளவு, பத்தாயிரத்து ஐநூறு சொன்னேன். அவங்க போனைக் காட்டி, 'இந்த அம்மா நாலாயிரத்தைநூறுக்கு வீட்டுக்கே அனுப்பறாங்க, நீங்க டபுளுக்கு மேல சொல்றீங்களே'ன்னாங்க. பாத்தா உன் படம். நான் என்னத்தம்மா சொல்லுவேன்? 'அது டூப்ளிகேட் ரேக்கா இருக்கும், நாலு வருஷத்துல கறுத்துடும்'னு சொல்லிட்டேன். மனசு கேக்கல. அதான் உன்னையே கேக்கறேன்."

அவர் கோவமாச் சொல்லியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேக்கற மாதிரி சொன்னாரு பாருங்க, அதான் தாங்க முடியல. கத்துக்குடுத்த மனுஷன், தன் கடை வாசல்ல, என் வேலையைப் போலின்னு சொல்ல வேண்டிய நெலமைக்கு அவரைத் தள்ளினது நான்தானே? அந்தக் குடும்பம் அவர்கிட்டயும் வாங்கல, என்கிட்டயும் வாங்கல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவர் கொள்ளை அடிக்கிறவரு, நான் போலி விக்கறவ. ரெண்டும் பொய்!

திருச்சிக்குத் திரும்பற பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து முதல் தடவையா ஒழுங்காக் கணக்குப் போட்டேன். ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாப் பாக்கறவ நான். என் கணக்கைப் பாக்க ஒன்பது படம் ஆச்சு.

செலவு 3,700ன்னு சொன்னேன்ல? பபுள் ராப், தெர்மகோல், அட்டைப்பெட்டி, டேப்பு 400. கூரியர் 350. இதை நான் கணக்குலயே சேக்கல. சேர்த்தா 4,450. விலை 4,500. மிச்சம் அம்பது ரூபா.

வேலை எவ்ளோ நேரம்? பலகை தயார் பண்ண, வரைய 5 மணி. கல்லுக்கு 3. மக்குக்கு 8. ரேக்குக்கு 8. வண்ணத்துக்கு 14. முகம், கண்ணு 4. ஆக 42 மணி நேரம். அம்பது ரூபாயை நாப்பத்திரெண்டால வகுத்துப் பாருங்க. மணிக்கு ஒண்ணே கால் ரூபா கூட வரல!

இதுல ஒரு படம் கூரியர்ல கண்ணாடி நொறுங்கிப் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிச் சில்லு ரேக்கைக் கீறிடுச்சு. அந்தம்மாவுக்கு வேற படம் போட்டு அனுப்பினேன். அதையும் சேர்த்தா அந்த வருஷம் முழுக்க நான் என் சம்பளத்துலேர்ந்து காசு போட்டு ஜனங்களுக்குக் கிருஷ்ணன் சப்ளை பண்ணியிருக்கேன்.

சரி, நியாயமான விலைதான் என்ன? எங்க தெருவுல அப்ப வேலைக்கு வந்த கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு. மணிக்கு 125. நான் கொத்தனாரை விடப் பெரிய ஆளுன்னு சொல்லல, அவருக்குச் சமமாவே வெச்சுக்குவோம். 42 மணி நேரத்துக்கு 5,250. செலவு 4,450. கூட்டினா 9,700.

மாஸ்டர் சொன்ன விலை 10,500!

அவர் என்னை விட ரொம்ப வேகம்தான். ஆனா ரெண்டு பசங்களுக்குக் கூலி குடுக்கணும், கடை வாடகை, கரண்ட்டு, விக்காம செவுத்துல தொங்கற படங்கள்ல முடங்கிக் கெடக்கற தங்கக் காசு. அதெல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்தான் கூட. அவர் கொள்ளையும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. நான் எனக்குத் தெரியாமலே அவர் வயித்துல அடிச்சிருக்கேன்.

என் கருத்து இதுதான். பொழுதுபோக்குக்குக் கைவேலை பண்றவங்க விலையைக் குறைச்சு விக்கறதை நாம 'நல்ல மனசு'ன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கோம். "எனக்குக் காசு முக்கியம் இல்லங்க, மனத்திருப்திதான்"ன்னு சொல்லும்போது ஒரு பெருமை வேற. ஆனா நமக்கு மாசாமாசம் சம்பளம் வருது, இல்லாட்டி வீட்டுல ஒருத்தர் சம்பாதிக்கறாங்க. அந்தத் தைரியத்துலதான் நம்ம கூலியை விட்டுக் குடுக்கறோம். அதே வேலையை நம்பி அடுப்பு எரியற வீட்டுக்கு அந்த வசதி இல்ல. கடைக்காரருக்குக் கடைக்காரர் போட்டி போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே தரை உண்டு, அதுக்குக் கீழ ரெண்டு பேராலயும் இறங்க முடியாது. நமக்குத் தரையே கிடையாது. அப்ப அது எப்படிப் போட்டியாகும்?

முன்னயெல்லாம் இது பெரிய பிரச்சினையா இருந்திருக்காது. நான் திருச்சியில நாலு பேருக்கு வித்தா தஞ்சாவூர் கடைக்குத் தெரியவே தெரியாது. இப்ப என் விலையும் அவர் விலையும் ஒரே போன்ல, பக்கத்துப் பக்கத்துல. வாங்க வர்றவங்களுக்கு எது 42 மணி நேரம், எது மெஷின் பிரிண்ட்டு மேல நாலு கல்லு ஒட்டினதுன்னு எப்படித் தெரியும்? அவங்க கண்ணுக்குத் தெரியறது விலை மட்டும்தான்.

"விலையை ஏத்தினா யாரும்மா வாங்குவா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மறைக்காம சொல்றேன். 9,700க்குக் கீழ போறதில்லன்னு முடிவு பண்ண பிறகு ஆறு மாசம் ஒரு ஈ காக்கா வரல. "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க", "போன வருஷம் என் ஓர்ப்படிக்கு நாலாயிரத்தைநூறுக்குக் குடுத்தீங்களே"ன்னு வந்தவங்கதான் ஜாஸ்தி. அந்த ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல. என் தப்பு, நான்தானே வாங்கிக் கட்டிக்கணும். அடுத்த வருஷம் வித்தது மூணே படம். ஆனா அந்த மூணுல கெடைச்ச கூலி, ஒன்பதுல கெடைக்காதது. கழுத்து வலியும் குறைஞ்சுது.

பட்ஜெட் கம்மின்னு வர்றவங்களுக்கு விலையைக் குறைக்கறதில்ல, படத்தைக் குறைக்கறேன். 8க்கு 6 இன்ச்சுல ஒரு சின்னப் பிள்ளையார். வளைவு வேலை இல்லாம, கல்லு கம்மியா. மணி நேரம் கம்மி, அதனால விலை கம்மி. அவசரமா பெருசு வேணும்னு கேக்கறவங்களை மாஸ்டர் கடைக்கு அனுப்பிடறேன். கமிஷன் எல்லாம் இல்லீங்க, பாவ மன்னிப்புன்னு வெச்சுக்குங்களேன்.

ரொம்ப வேண்டியவங்களுக்கு? சும்மாவே குடுத்துடறேன். கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, முழுசா இலவசமா. அன்பளிப்பு யாரோட பொழப்பையும் கெடுக்காது, அதுக்கு விலை கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். பாதி அன்பு, பாதி வியாபாரம்னு ஒரு விலை சொல்றோம் பாருங்க, அதான் வம்பு. வாங்கினவங்க அதையே மார்க்கெட் ரேட்டுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க.

இன்னும் ரெண்டு மூணு விஷயம். சூடுபட்டுக் கத்துக்கிட்டது.

ஒண்ணு, ஆன்லைன் கடைகளோட கமிஷன். அது நம்ம செலவு மேல கெடையாது, விக்கற விலை மேல. 9,700 கைக்கு வரணும், கமிஷன் 10 சதவீதம்னு வெச்சுக்குங்க. 970 கூட்டி 10,670ன்னு போட்டா, அதுல 1,067 போய் கைக்கு வர்றது 9,603தான். 9,700ஐ 0.9ஆல வகுக்கணும். 10,778 வரும். (கணக்குக்காரின்னு இப்பவாவது நம்பறீங்களா?)

வெளிநாட்டுக்கு விக்கறவங்க எட்ஸி மாதிரி இடத்துக்குப் போறாங்க. 2005ல கைவினைக்காரங்களுக்காகன்னே ஆரம்பிச்சது. விற்பனைக் கட்டணம் முதல்ல 3.5 சதவீதம், 2018ல 5 ஆச்சு, 2022 ஏப்ரல்ல 6.5 ஆச்சு. அந்த ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான பேர் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்பு காட்டினாங்க. ஒண்ணும் குறையல. ஒரு பொருளைப் பட்டியல்ல போட 20 சென்ட் தனி. அவங்க வெளியில குடுக்கற விளம்பரம் வழியா ஆள் வந்து வாங்கினா, சின்னக் கடைக்கு இன்னொரு 15 சதவீதம். ஆக 100 டாலர் படத்துல 21 டாலருக்கு மேல போயிடலாம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இது தெரியாம விலை வெச்சா, நம்ம கூலிதான் போகும்.

ரெண்டாவது, விலைக்குத் தேதி போடுங்க. எங்க வேலைக்குத் தங்கம்தான் உசுரு. 2025 தொடக்கத்துல பவுன் 57,000 சொச்சம் இருந்தது, அந்த டிசம்பர்ல ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஜனவரியில சொன்ன விலைக்கு டிசம்பர்ல ரேக்கு வாங்கினா என்ன ஆகும்? இப்பல்லாம் "இந்த விலை 15 நாளைக்குத்தான்"ன்னு எழுதிடறேன். ரேக்கு ஒட்டறதுக்கு முன்னாடி பாதிப் பணம் அட்வான்ஸ். நூல், களிமண், ரெசின் எதுவா இருந்தாலும் இது பொருந்தும்.

மூணாவது, விலையை வெளிப்படையாப் போடுங்க. "இன்பாக்ஸ்ல வாங்க"ன்னு சொல்ற வழக்கம் எனக்குப் பிடிக்கறதே இல்ல. ஆளைப் பாத்து விலை சொல்றாங்களோன்னு வாங்கறவங்களுக்குச் சந்தேகம் வரும். விலையோட "42 மணி நேரம், 22 காரட் ரேக்கு, தேக்கு ஃப்ரேம்"னு எழுதினா, பாக்கறவங்களுக்கும் ஒரு அளவுகோல் கெடைக்கும். நான் அப்படி எழுத ஆரம்பிச்ச பிறகு பேரம் பாதியாக் குறைஞ்சுது. வாங்காமப் போனவங்கள்ல ஒருத்தர், "இவ்ளோ வேலை இருக்குன்னு இப்பதாங்க தெரியும்"னு எழுதிட்டுப் போனாரு. அவர் நாளைக்கு மாஸ்டர் கடை வாசல்ல நின்னா டூப்ளிகேட் பேச்சு வராது. எனக்கு அது போதும்.

எதிர்க்கருத்தும் இருக்கு, தெரியும். "கத்துக்குட்டி வேலைக்கு மாஸ்டர் விலையா?"ன்னு ரங்கமணியே கேட்டாரு. வாஸ்தவம். என் கிருஷ்ணனோட வெரலு இன்னமும் கொஞ்சம் வெண்டைக்கா மாதிரிதான் இருக்கு. ஆனா விக்கற அளவுக்கு வேலை வரலைன்னா விக்கக் கூடாதுங்கறதுதான் அதுக்குப் பதில். குறைச்சு வித்தா வெண்டைக்கா வெரலாயிடுமா? முதல் பத்து படம் நம்ம வீட்டுக்கு, சொந்தக்காரங்களுக்கு, கோயிலுக்கு. பதினொண்ணாவதுலேர்ந்து முழு விலை. என் முதல் ஒன்பதையும் அப்படிக் குடுத்திருந்தா மாஸ்டர் அன்னிக்கு அப்படித் தலை குனிஞ்சிருக்க மாட்டாரு.

மாஸ்டர்கிட்ட அந்த வாரமே போன்ல மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, படம் போடறதை மட்டும் விட்டுடாதே"ன்னாரு. இன்னிக்கும் ரேக்கு அவர்கிட்டதான் வாங்கறேன்.

குரோஷா பைக்கு வருவோம். தோழிகிட்ட இவ்ளோ கதையும் சொன்னேன். எங்க ஊர்ல பை பின்னித்தான் பொண்ணைப் படிக்க வைக்கற அக்கா ஒருத்தங்களை அவளுக்கும் தெரியும். ரெண்டு நாள் யோசிச்சா. அப்புறம் மணிக்கு எழுபது ரூபா கூலி போட்டு, பேக்கிங் சேர்த்து, 1,150ன்னு விலை வெச்சு, கீழ "11 மணி நேரக் கைவேலை"ன்னு எழுதிப் போட்டுட்டா.

இன்னும் விக்கல. தினமும் எனக்குப் போன் பண்ணித் திட்டறா. நானும் தினமும் வாங்கிக்கறேன் :-)

நீங்க என்ன பண்றீங்க மக்களே? கைவேலை விக்கறவங்க, உங்க மணி நேரத்துக்கு என்ன விலைன்னு ஒரு தடவையாவது கணக்குப் போட்டிருக்கீங்களா? போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.

டிஸ்கி: ஆறாவது கிருஷ்ணன் வீட்டுக்கு வந்தாச்சு. ரங்கமணி இன்னும் வெளியில போகல.